ஏழாம் எண் குப்பி

ஏழாம் எண் குப்பியில் இருப்பது என்னுடையது.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனித மாதிரி வேண்டும் என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் நான் மட்டும்.
வெட்கப்பட என்ன இருக்கிறது,
எட்டு வருடமாகக் குரங்குப் புழுக்கையில்
பிழைப்பு நடத்துகிறவளுக்கு?

ஒன்று முதல் ஆறு வரை காட்டுக் கூட்டங்கள்.
ஆ த்ரிப் கொண்டுவந்தவை.
கொன் கா கின் மலையில் விடியுமுன்னே போய்
மரத்தடியில் மழைத்தாள் விரித்து
அண்ணாந்து பார்க்காமல் காத்திருப்பார்.
அண்ணாந்தால் என்ன ஆகும் என்று
ஒருமுறை தெரிந்துகொண்டாராம்.
முன்பு இதே மரங்களின் கீழ்
துப்பாக்கியோடு அண்ணாந்து நின்றவர்தான்.
அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எட்டாவது, லுவா. பட்டு என்று அர்த்தம்.
பிளேக்குவில் ஒரு டயர்க்கடை வாசலில்
சங்கிலியில் கிடந்த சாம்பல்கால் டூக் குட்டி.
கடைக்காரர் கெட்டவர் இல்லை.
வாழைப்பழம், டப்பாப் பால், மகளின் பிறந்தநாள் கேக்கில்
ஒரு துண்டு.
வயிற்றில் பால் வார்த்தார்,
நிஜமாகவே வார்த்தார்.
வயிறு பறைபோல் ஊதி
அது எங்களிடம் வந்தபோது
இலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குரங்கு இலை தின்கிறது என்கிறோம்.
குரங்கு மெல்லுகிறது, அவ்வளவுதான்.
தின்கிறவர்கள் உள்ளே:
இரைப்பையின் இருட்டு அறைகளில்
நாரைப் புளிக்கவைத்து, நஞ்சை முறித்து,
தாயிடமிருந்து பிள்ளைக்குக் குடிபெயர்ந்து
காடு எவ்வளவு பழையதோ அவ்வளவு பழைய குடிகள்.
சரணாலய வாசலில் மாட்டிய பலகையில்
அவர்கள் படம் இல்லை.
குண்டுக்குத் தப்பி, கண்ணிக்குத் தப்பி வந்த ஒன்று
உள்ளே ஊர் காலியாகிச் செத்துப்போவதை
நான் நான்குமுறை பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு திரையில் வரைபடம் வந்தது.
மேல் மூலையில் ஆறு புள்ளிகள்,
குளிருக்கு ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்ததுபோல.
வெகு கீழே நான்.
என் பக்கத்தில்
கை நீட்டினால் தொடும் தூரத்தில்
லுவா.

குப்பி மாறியிருக்கும் என்று நினைத்தேன்.
மறுபடி ஓட்டினேன். மாறவில்லை.
டயர்க்கடையில் பதினோரு மாதம்.
உள்ளே மனிதராக அது போதும்போல.
காலையில் கூண்டருகே போனேன்.
இளஞ்சிவப்பு இமையைத் தாழ்த்தி
என் சட்டைப் பொத்தானைத் தடவியது.
ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.
எனக்குக் கூசியது.

ஆ த்ரிப்பைத் தொலைபேசியில் பிடித்தேன்.
உறைந்தது வேண்டாம், சூடு ஆறாதது வேண்டும்.
"மருந்துக்கா? அதையா?"
சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பழைய ஹோண்டா, நாள் முழுக்க மழை,
வந்து இறங்கியவர் சட்டையை அவிழ்த்தார்:
இறுக மூடிய டப்பா
அவர் வயிற்றோடு துண்டால் கட்டியிருந்தது.
"குளிரக்கூடாதுன்னியே."

கரைத்தோம், வடிகட்டினோம்,
அத்தி இலைச் சாற்றில் கலந்து குழாயில் இறக்கினோம்.
பாதியை என்மேல் துப்பியது.
மறுநாளும் கொடுத்தோம். அதற்கு மறுநாளும்.

பதினெட்டாம் நாள்
எட்டாம் புள்ளி என்னைவிட்டு விரற்கடை அளவு
நகர்ந்திருந்தது.
ஆறுக்கும் அதற்கும் நடுவில் இன்னும் வெற்றுத் திரை.
யாரும் என்னைப் பிரிந்து போனதற்கு
இப்படி நான் தூக்கம் கெட்டு மகிழ்ந்ததில்லை.

அதே வாரம் ஆ த்ரிப் சொன்னார்,
மூன்றாம் எண் கூட்டம் இருந்த சரிவில்
மரவள்ளி நடுகிறார்களாம்.
உறைபெட்டியில் அதிகமாகவே எடுத்து வை என்றார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மூன்று என்று எழுதிய குப்பிகளை
அடித்தட்டுக்கு, பின்னால், மாற்றிவைத்தேன்.

இன்று கூண்டு கழுவப் போனபோது
முகத்தில் அடித்தது,
புளித்த இலையின் நாற்றம், பச்சையாக, கெட்டியாக.
முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு
அங்கேயே நின்றேன்.
லுவா முதுகைக் காட்டி மென்றுகொண்டிருந்தது.
எனக்குப் பசித்தது.